மிசிசிப்பிக் குன்றுகளில் வில்லோடு ஒரு மான் பருவம்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் விமான நிலையத்திலிருந்து தென்கிழக்கே கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் மிசிசிப்பியைத் தாண்டி விஸ்கான்சின் மாநிலத்தின் பஃபலோ கவுண்டிக்கு (மாவட்டம்) வந்துவிடலாம். நெல்சன், ஆல்மா, ஃபவுண்டன் சிட்டி என்று ஆற்றோரமாகவே போகும் 35ஆம் எண் சாலையில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெட்டுக்குத்தான பாறைக் குன்று. பனியுகத்துப் பனிப்பாறைகள் சமன் செய்யாமல் விட்டுப்போன நிலம் இது. குன்றின் தலையில் மக்காச்சோளமும் சோயாவும், சரிவில் ஓக் மரங்கள், மடிப்புகளில் ஓடை. தீனி, மறைவு, தண்ணீர் மூன்றும் அரை மைலுக்குள் கிடைப்பதால் வெள்ளைவால் மான் இங்கே கொழுத்துக் கொம்பு வளர்க்கிறது. வில்லுக்கென்று தனி மான் பருவம் விஸ்கான்சினில் 1934லேயே வந்துவிட்டது. இப்போது அது செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை ஓடுகிறது.

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் காட்டினால்தான் உரிமம் கிடைக்கும். அதை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். நிலம் பெரும்பாலும் விவசாயிகளுடையது; வாசலில் போய் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காதவர்களுக்கு நெல்சனை ஒட்டி, சிப்பேவா ஆற்றுப் படுகையில் டிஃபனி வனவிலங்குப் பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 13,000 ஏக்கர், அரசு நிலம். அங்கே பரணை, அதாவது மரத்தில் கட்டி உட்காரும் மேடையை, இரவில் விட்டுவைக்கக் கூடாது, மரத்தில் திருகாணி அடிக்கவும் கூடாது. தினமும் தூக்கிக்கொண்டு வருவதால் 10 கிலோவுக்குள் இருக்கும் பரணே நல்லது.

வில்லின் இழுவிசை சட்டப்படி குறைந்தது 30 பவுண்ட், அம்பு முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம். நடைமுறையில் 55 முதல் 60 பவுண்ட் காம்பவுண்ட் வில்லும் (கப்பி வைத்த நவீன வில்) 400 கிரெயினுக்கு (சுமார் 26 கிராம்) மேற்பட்ட அம்பும் தாராளமாகப் போதும். 70 பவுண்ட் வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி இழுக்கும் ஆளை மான் முதலில் பார்த்துவிடும். பயிற்சி முனையில் குறி பார்த்துவிட்டு, வேட்டை முனையை மாட்டி ஒரு முறைகூட எய்து பார்க்காமல் வருகிறவர்கள் ஏராளம். வேட்டை முனையின் அலகு காற்றைப் பிடிக்கும். வில் சரியாக டியூன் ஆகாவிட்டால் 30 யார்டில் (ஒரு யார்டு மூன்று அடி) அம்பு ஒரு சாண் விலகும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மான் கிடைக்காமல் போவதுண்டு. இழக்கிற மான்களில் பல அம்பு புறப்படும் முன்பே போய்விடுகின்றன. காரணம் காற்று.

இந்தக் குன்றுகளில் வானிலைச் செயலி சொல்லும் காற்றும் பரணில் வீசும் காற்றும் வேறு வேறு. வெயில் ஏறியதும் சரிவின் காற்று மேலே எழும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து, தண்ணீர் போல மடிப்புகளுக்குள் வழியும். இதைக் கண்ணால் பார்க்க இங்குள்ளவர்கள் மில்க்வீட் காயின் பஞ்சைப் பையில் வைத்திருக்கிறார்கள். நம் எருக்குக்கு உறவான செடி, பஞ்சும் அப்படியே எருக்கம்பஞ்சுதான். மாலை நான்கரை மணிக்குப் பரணிலிருந்து ஓர் இழையை விட்டுப் பாருங்கள். முதல் பத்தடி மேற்கே மிதக்கும். பிறகு தயங்கும். தயங்கிய இடத்திலிருந்து தலைகீழாகத் திரும்பி, ஓடைப் பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டே போகும். மான் ஏறி வரும் பாதையும் அதே பள்ளம். டப்பாவிலிருந்து ஊதும் பவுடர் நான்கடியில் கரைந்துவிடும், இந்தத் திருப்பத்தைக் காட்டாது. ஆகவே காலையில் சரிவின் மேல்பாதியிலும், மாலையில் மான் வரும் பாதைக்குக் கீழேயும் பரண் போடுவதுதான் சரி.

செப்டம்பரில் கொசுவும் உண்ணியும் படுத்தும். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் இங்கே நிஜமான ஆபத்து. துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்துக் காயவைத்துப் போடுங்கள். மான்கள் சாயங்காலம் சோயா வயலுக்கு வரும். இருட்டிய பின் இறங்கும்போது வயல் நிறைய மான் நிற்கும், மனிதன் இறங்குவதைப் பார்த்துவிட்டால் அந்தப் பரண் பல நாளைக்குச் செத்தது. நண்பர் யாராவது வயலோரம் வண்டி ஓட்டி வந்து கலைத்துவிடட்டும். வண்டிக்கு ஒதுங்கும் மான் மறுநாள் திரும்பி வரும்.

அக்டோபரில் வயல் வெறிச்சோடும். மான் எங்கும் போய்விடவில்லை, ஓக் கொட்டை தின்கிறது. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு என்பதால் முதலில் அதைத்தான் தேடும். பரணை அங்கே மாற்றாதவர்கள் மாதம் முழுக்க அணில் பார்க்கலாம்.

நவம்பர் முதல் இரண்டு வாரத்துக்காகத்தான் எல்லோரும் விடுப்பு எடுக்கிறார்கள். இணைகூடும் பருவத்தைப் பகல்நேரத்தின் நீளம் தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் பகல் நடமாட்டம் குறையும், பருவம் தள்ளிப்போகாது. பெட்டைகள் படுக்கும் சரிவுகளை மோப்பம் பிடித்தபடி ஆண் மான் குன்றுக்குக் குன்று தாவும். பள்ளத்தின் தலைப்பகுதியைச் சுற்றி வருவதுதான் அதற்குச் சுலபமான வழி. அந்த வளைவில் 18 அடி உயரத்தில் விடிவதற்கு முன் ஏறி, இருட்டும் வரை உட்காருங்கள். முழு உடல் ஹார்னெஸ் (பாதுகாப்புப் பட்டை), தரையிலிருந்தே மாட்டிய பாதுகாப்புக் கயிறு இரண்டும் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். வில்லைக் கயிறு கட்டி மேலே இழுங்கள்.

மீதி மான்கள் கை நழுவுவது இங்கேதான். இழுக்கும் நேரம் தவறுகிறது: மானின் கண் மரத்துக்குப் பின்னால் மறையும் அந்த ஒரு நொடியில் இழுக்க வேண்டும். கனத்த கோட்டின் கைப்பகுதியில் நாண் உரசி அம்பு இடதுபுறம் போகிறது. முன்கைக்குப் பட்டை கட்டினால் தீரும். ஓடும் மானை “மே” என்று வாயால் நிறுத்தாமல் எய்தால் வயிற்றில் படும். சரிவில் தூரமும் ஏமாற்றும். பரணுக்கு 60 அடி கீழே நிற்கும் மானைத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 30 யார்டு என்று காட்டினால் கிடைமட்டத் தூரம் 22 தான். 30க்கு எய்தால் அம்பு முதுகுக்கு மேலே போகும். கோணத்தைக் கழிக்கும் கருவி வாங்குங்கள், இடுப்பிலிருந்து குனிந்து எய்யுங்கள்.

குறி சரியாக இருந்தும் தப்பும் மான் உண்டு. அம்பு விநாடிக்கு 280 அடி போகிறது, நாணின் சத்தம் அதைவிட நாலு மடங்கு வேகம். 30 யார்டில் சத்தம் போய்ச் சேர்ந்து கால் விநாடி கழித்துத்தான் அம்பு வருகிறது. பாய்வதற்காக மான் முதலில் காலை மடக்கித் தாழும், அம்பு மேலே பறந்துவிடும். மிரண்டு நிற்கும் மானுக்கு 20 யார்டே எல்லை, அதிலும் நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கைப் பாருங்கள். நம்மை விட்டுச் சற்றே விலகித் திரும்பி நிற்கும் மானில் அம்பு இரண்டு நுரையீரலையும் கடக்கும்.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி செலுத்தும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கும். வில்காரர்களும் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு பெரிதாக எடுபடாது. டிசம்பரில் பனிக்கு நடுவே நிற்கும் மக்காச்சோளத் தாள்தான் முக்கியத் தீனி. நவம்பரைத் தவறவிட்டவர்களுக்கு அந்த வயலோரம் கடைசி வாய்ப்பு.

அம்பு பட்டதும் இறங்காதீர்கள். மான் கடைசியாக மறைந்த மரத்தை மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். பிறகு அம்பை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு ரத்தத்தில் சிறு குமிழிகள் இருந்தால் நுரையீரல். பெரும்பாலும் 150 யார்டுக்குள் மான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல்: ஆறு மணி நேரம் பொறுங்கள். பச்சைக் கறையும் சாண நாற்றமும் வந்தால் வயிறு: பத்து மணி நேரத்துக்கு முன் போனால் படுத்த மான் எழுந்துவிடும், ரத்தத் தடமும் நின்றுவிடும். காயப்பட்ட மானைக் கைவிடுவது இந்த வேட்டையில் மிகப் பெரிய தவறு.

கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிய வேண்டும். மான்களைக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் 2002இல் இந்த மாநிலத்தில் கண்டறியப்பட்டது. தலையைக் கழுத்து நிணநீர்ச் சுரப்பியோடு பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை இறைச்சியை உறைய வைத்திருங்கள். ஆற்றைத் தாண்டி மின்னசோட்டா வழியாகத் திரும்புகிறவர்கள் முழு உடலை எடுத்துப் போக முடியாது; எலும்பு நீக்கிய இறைச்சி, மூளைச் சதை துடைத்த மண்டையோட்டுத் துண்டோடு கூடிய கொம்பு, தோல், இவை மட்டும் வண்டியில் இருக்கட்டும்.