ஒப்பந்தப் பணியாளர் வெளியேறும் நேரம்

குடிநீர் நிலையங்களிலும் கழிவுநீர் உந்து நிலையங்களிலும் ஒப்பந்தப் பணியாளர்களை உள்ளே அனுமதிப்பதில் நாம் காட்டும் அக்கறை முழுவதும் முதல் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம். அடையாள அட்டை, காப்பீட்டுச் சான்று, பாதுகாப்பு வகுப்பு எல்லாம் அன்று முறையாக நடக்கின்றன. வேலை முடிந்த பிறகு வாயிற்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, கட்டுப்பாட்டுக் கணினியின் கடவுச்சொல் மாற்றப்பட்டதா என்று கேட்பவர் அரிது.

இதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், மரூச்சி வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டு நடந்ததைத்தான் நான் எப்போதும் சுட்டிக்காட்டுவேன். அங்குள்ள கழிவுநீர் வலையமைப்புக்கு ரேடியோ வழிக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தித் தந்த ஒப்பந்த நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர், மடிக்கணினியும் ரேடியோ கருவியும் வைத்துக்கொண்டு, எந்த வேலியையும் தாண்டாமல் வெளியிலிருந்தே உந்து நிலையங்களுக்குக் கட்டளைகளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் ஒரு விடுதி வளாகத்திலும் பாய்ந்தது. 2001இல் அவருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அந்த அமைப்பில் இருக்கவில்லை.

அனுமதியை நிறுவனத்தின் பெயரில் கொடுப்பதே தவறு என்பேன். ஒப்பந்ததாரர் தம் வேலையைத் துணை ஒப்பந்ததாரரிடம் கொடுக்க, அவர் தெரிந்த ஆட்களை அனுப்ப, கடைசியில் உள்ளே நிற்பவர் யாரென்று நிலைய மேற்பார்வையாளருக்கே தெரியாமல் போகிறது. அனுமதிச் சீட்டில் ஆளின் பெயர், செய்யும் வேலை, செல்லும் இடம், முடியும் நேரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நேரம் கடந்தால் சீட்டு செல்லாது. ஆளில்லாத நிலையங்கள் பலவற்றுக்கு ஒரே சாவி வைத்திருப்பது வசதிதான், ஆனால் அதில் ஒன்று தொலைந்தால் அத்தனை பூட்டுகளையும் மாற்ற வேண்டும் என்பதால், பலர் தொலைந்ததையே சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. மாலையில் வாயில் பதிவேட்டைப் புரட்டினால் 'வெளியேறிய நேரம்' என்ற கட்டம் பல வரிகளில் வெறுமையாகவே இருக்கும். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டாரா, கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கிக் கிடக்கிறாரா என்று அந்த வெற்றிடத்தை வைத்துக் காவலர் எப்படிச் சொல்வார்? தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நாற்றமடிக்கும் நச்சு வாயு, காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 100 பங்கை எட்டும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நம்பி இறங்குபவருக்கு எச்சரிக்கையே இல்லை. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமான குளோரின் கசிந்தாலோ, அது தாழ்வான இடங்களை நோக்கிப் படர்கிறது. அந்த நேரத்தில் தீயணைப்பு வீரர்கள் முதலில் கேட்பது உள்ளே எத்தனை பேர் என்பதைத்தான்.

ஆகவே ஒப்பந்ததாரரின் இறுதிக் கட்டணப் பட்டியலுக்குப் பணம் விடுவிக்கும் முன், சாவி ஒப்படைப்பு, அட்டை முடக்கம், கடவுச்சொல் மாற்றம் ஆகியவற்றை உறுதிசெய்து மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்தத் தாள் வராத வரை கணக்குப் பிரிவு பட்டியலைத் திருப்பி அனுப்பட்டும்.