குன்னூர் சி.டி. அறையிலிருந்து

ஜூன் 9, 2025, திங்கள்
விடாத மழை. மலைப்பாதையில் பஸ்கள் தாமதம், காலையில் கூட்டமில்லை.

பதினோரு மணி வாக்கில் எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும். நெடுநாள் தலைவலி, இப்போது வலது காலும் இழுக்கிறதாம். "செருப்பு கழன்றா தெரியுதா, தெரியாமலே போயிடுதா?" என்று டாக்டர் கேட்டார். "கொழுந்து பறிக்க மேடு ஏறையில ரெண்டு வரிசை தாண்டித்தான் வெறுங்கால்னு தெரியுது." சிறுநீரகச் சோதனையான கிரியாட்டினின் சரியாக இருந்ததால், படத்தில் கட்டியைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினோம். உச்சிக்குக் கீழே, இடப்பக்கம், மூளையுறையை ஒட்டி உருண்டையாக ஒன்று; மருந்து போனதும் முழுக்க ஒரே சீராக வெளுத்தது. அந்த உறையில் வளரும் மெனின்ஜியோமா கட்டியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் புற்று இல்லாத கட்டி, ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. கால் இழுப்பதும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தால்தான். சொல்ல வேண்டியவர் டாக்டர் என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

ஜூன் 11, புதன்
அக்கா மகள் போன் செய்தாள். கோவையில் பேத்தாலஜி மேற்படிப்பு, வெட்டியெடுத்த திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் துறை. ஆய்வுக்கு மூளைக்கட்டி வகைகளை எடுத்திருக்கிறாள்.

"மாமா, எங்க ரெஜிஸ்டர்ல மூளையோட தாங்குசெல்லுல வர்ற க்ளையோமாதான் அதிகம், அடுத்து மெனின்ஜியோமா. வேற உறுப்புல இருந்து பரவி வந்தது சொற்பம். ஆனா பெரியவங்களுக்கு அதுதான் ஜாஸ்தின்னு புத்தகத்துல இருக்கே?"

புத்தகம் சரிதான். நுரையீரலில் கட்டி, மூளையில் நாலைந்து புள்ளி என்று வருபவருக்கு யார் மண்டையைத் திறப்பார்கள்? பயாப்ஸி நெஞ்சில் எடுப்பார்கள், மூளைக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அவள் மேஜைக்கு வருவது கத்தி பட்டது மட்டும். என் மெஷினில் நுரையீரல், மார்பகம் என்று கிளம்பி வந்தவை ஏராளம். என் கணக்கும் முழுசில்லை. குழந்தைகளை நேரே கீழே கொண்டு போய்விடுகிறார்கள், அதனால் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவை இங்கே பார்ப்பதே அபூர்வம். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சின்னக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

ஜூன் 12, வியாழன்
கரண்ட் போய்ப் போய் வந்தது. அவசரக் கேஸ் மட்டும்.

ஜூன் 16, திங்கள்
கேரட் மண்டியில் மூட்டை தூக்கும் பையன், முதல் தடவை ஃபிட்ஸ். படத்தில் சின்ன வளையம், நடுவில் ஒரு புள்ளி. கட்டி என்று பயந்து மனைவி அழுதுவிட்டாள். நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு அது. "பன்றிக்கறியே தொட்டதில்லை சார்" என்றான். தொட வேண்டியதில்லை, வயிற்றில் புழு உள்ளவர் மலத்திலிருந்து முட்டை, கழுவாத கையிலோ காய்கறியிலோ வந்து சேரும். காசநோய்க் கட்டியும் இப்படி வளையமாகத் தெரியலாம். சி.டி. ரெஜிஸ்டரை வைத்து எண்ணினால் இவற்றைப் பிரித்தாக வேண்டும் என்று அக்கா மகளுக்கு மெசேஜ் போட்டேன்.

ஜூன் 18, புதன்
வேன் டிரைவர், ஐம்பத்தைந்து வயது. எங்கோ டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்; தலைவலி பறந்துவிட்டது, மறுபடி வண்டி எடுத்திருக்கிறார். டெக்ஸா குறைத்தது கட்டியைச் சுற்றிய நீர்க்கோவையைத்தான். ஓரம் ஒழுங்கில்லாமல், நடுவில் அழுகிய கருமை, மூளையின் நடுக்கோடு ஒருபக்கமாகத் தள்ளியிருந்தது. க்ளையோமாவிலேயே மோசமான க்ளையோபிளாஸ்டோமா என்று சந்தேகம். ஆபரேஷன், கதிர்வீச்சு, டெமோசோலமைடு என்ற புற்றுமருந்து எல்லாம் கொடுத்தாலும் பாதிப் பேர் சுமார் 15 மாதம் தாண்டுவதில்லை. மலைப்பாதையில் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சாவியை மச்சானிடம் கொடுத்தார்.

ஜூன் 21, சனி
அக்கா மகளுக்கு இன்னொரு தலைவலி. 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் ஐ.டி.ஹெச். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டியை க்ளையோபிளாஸ்டோமா என்று சொல்லக்கூடாது. முன்பு அப்படிச் சொன்னது இப்போது க்ளையோமாவில் வேறு வகை, நாலாம் நிலை ஆஸ்ட்ரோசைட்டோமா. பழைய ரெஜிஸ்டரில் எல்லாம் ஒரே பெயரில் கிடக்கிறது, அப்போது அந்தப் பரிசோதனையே கிடையாது. ஆண்டு வாரியாக ஒப்பிடும் பகுதியை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம் அவளுடைய ஆய்வு கைடு. ஆய்வுத் தலைப்பில் "அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில்" என்று சேர்க்கவும் ஒத்துக்கொண்டார்.