பென்சில் வரி

"தம்பி, இந்த ஆள் ரெண்டு தரம் வருது."

எங்கட திருகோணமலைக் கிளையில கடன் கணக்கு எழுதுற அக்கா மெல்லமாச் சொன்னா.

ஒரே பெயர். ஒரே நிலாவெளி விலாசம். ஒண்டில 9 இலக்கமும் 'வீ'யும் உள்ள பழைய அடையாள அட்டை. மற்றதில 2016இல வந்த 12 இலக்கம். புதுக் கணினிக்கு அவர் ரெண்டு பேர். கடன் ஒருத்தரில, கட்டின காசு மற்றவரில.

அக்காவின்ர கொப்பியில பென்சிலால ஒரு வரி கிடந்தது: "புது அட்டை எடுத்திட்டார்."

திங்கட்கிழமை பழைய கணக்கு முறையை நிப்பாட்டிப் புதுக் கணினிக்கு மாறுறதா இருந்தம். தள்ளி வைக்கச் சொல்லிட்டன். ரெண்டு மாசம் பழசும் புதுசும் சேர்ந்து ஓடட்டும். மாச முடிவில சதத்துக்குச் சதம் ஒத்து வரோணும்.

வெயிலில நிண்டு கட்டின மனிசனுக்கு, கட்டேல்லை எண்டு கடிதம் போயிருந்தா?

நாளைக்கு அக்காவுக்குப் பக்கத்தில கதிரை போட்டு, கொப்பியின்ர முதல் பக்கத்தில இருந்து பார்க்கப் போறன்.