படம் முடிந்த பிறகு வரும் கைதட்டல்

சென்னையில் படத்தின் தொடக்கத்தில் கைதட்டுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. முதல் நாள் காட்சியில் நாயகன் பெயர் திரையில் விழுந்ததுமே விசிலும் காகிதமும் பறக்கும். அண்ணா சாலைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருக்கும் எனக்கு அது பழகிய சத்தம். படம் முடிந்த பிறகு வரும் கைதட்டல்தான் அபூர்வம். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அதைக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை. நான் படம் ஓட்டும் கேபினில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் படத்தின் ஒலி மட்டுமே வரும், ஹாலில் இருப்பவர்களின் சத்தம் வராது. ஃபிலிம் காலத்தில் மெஷின் இரைச்சல் வேறு. 2,000 அடி ரீல் சுமார் 20 நிமிடம் ஓடும். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வந்ததும் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றியாக வேண்டும். கடைசி ரீலில்தான் மாற்ற எதுவும் இருக்காது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன்.

யாருக்காகத் தட்டுகிறார்கள்? கச்சேரியில் பாடகர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், நாடகத்தில் நடிகர் வந்து வணங்குகிறார். இங்கே இருப்பது வெறும் திரை. டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேச திரைப்பட விழாவில் சில சமயம் இயக்குநரே ஹாலில் இருப்பார். சரி, அது அவருக்கான மரியாதை. ஆனால் சம்பந்தப்பட்ட ஒருவர்கூட இல்லாத வார நாள் மதியக் காட்சியிலும் தட்டுகிறார்களே! பக்கத்தில் இருப்பவர்களுக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டரை மணி நேரம் இருட்டில் தனித்தனியே கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள், மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்ததா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைதட்டல் தொற்றுபோலப் பரவுகிறதாம். பக்கத்து இருக்கைக்காரர் தட்டுகிறாரா என்பதைவிட, அறையில் மொத்தம் எவ்வளவு பேர் தட்டுகிறார்கள் என்பதே நம்மைத் தட்டவைக்கிறது. கேபினிலிருந்து நான் பார்ப்பதும் அதுதான். யாரோ ஒருவர் துணிந்து ஆரம்பிக்க வேண்டும், நாலைந்து பேர் சேர வேண்டும். அப்புறம் ஹாலே தட்டும்.

அந்த நாலைந்து பேர் சேர்வதற்குக் கொஞ்சம் இருட்டு வேண்டும். பழைய படங்களில் ‘சுபம்’ என்று ஒரு அட்டை வரும், முடிந்தது என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரியும். இப்போது பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே லைட் எரிகிறது, கதவு திறக்கிறது, எல்லோருக்கும் பார்க்கிங் ஞாபகம் வந்துவிடுகிறது. தட்டத் தூக்கிய கை செல்போனுக்குப் போகிறது. பாதிக் கைதட்டல்களை லைட்தான் கொல்கிறது என்பேன்.

டிஜிட்டலில் லைட் எப்போது எரிய வேண்டும் என்பதையும் பிளேலிஸ்டிலேயே பதிந்துவிடலாம். நல்ல படம் என்று தெரிந்தால் அந்த நேரத்தைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன். அடுத்த காட்சிக்குள் ஹாலைப் பெருக்கி முடிக்க வேண்டுமே என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. துப்புரவு செய்யும் அக்காக்களிடமே பேசினேன். அரை நிமிடம் பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஹவுஸ்ஃபுல் நாட்களில் மட்டும் பழைய நேரத்துக்கே லைட் போடுகிறேன்.