பட்டியலில் இல்லாத மாணவர்

நூலகம் ஒன்றின் பழைய நூல் பிரிவில் நான் பணியாற்றியபோது, சென்னைப் பல்கலைக்கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட காலண்டர் தொகுதிகளை மின்னாக்கம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலண்டர் என்பது இங்கே தேதி கிழிக்கும் காலண்டர் அன்று. விதிகள், பாடத்திட்டம், வினாத்தாள்கள், தேறியவர்களின் பெயர்கள் யாவும் அடங்கிய தடித்த புத்தகம். விரலால் திருப்பினால் தாளின் ஓரம் அப்பளம்போல் நொறுங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு தாளின் அடியிலும் மெல்லிய அட்டையைச் செருகித் தூக்கித்தான் ஸ்கேனரில் வைப்போம்.

1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழியே தோன்றிய அந்தப் பல்கலைக்கழகம், அந்த நூற்றாண்டு முழுவதும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டதால், கற்பிப்பதைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டு, தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே கற்பிக்கும் பணிக்கு வழி பிறந்தது. ஆகவே மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வு, பி.ஏ.வுக்கு முந்தைய தேர்வான எப்.ஏ., பிறகு பி.ஏ. என்ற படிகளில் தேறியவரின் பெயர் மட்டுமே அந்தப் பட்டியல்களில் நிலைத்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் பயின்று வந்து 1858இல் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையையும் விசுவநாத பிள்ளையையும் நாம் அறிவோம். அதே படிகளில் ஏறித் தவறியவர்களை அறிய அந்தத் தொகுதிகள் உதவா.

ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்து, "எங்க கொள்ளுத்தாத்தா கும்பகோணம் காலேஜ்ல எப்.ஏ. படிச்சவர்னு வீட்டுல சொல்லுவாங்க ஐயா, பேரு இருக்கான்னு பார்க்கணும்" என்றார். 1880களின் தொகுதிகளை எடுத்துப் பார்த்தேன். மெட்ரிகுலேஷன் பட்டியலில் பெயர் இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளின் எப்.ஏ. பட்டியல்கள் எதிலும் இல்லை. "தேறலை போலிருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த குறிப்புத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

அன்று மாலை தொகுதிகளை அடுக்கி வைக்கும்போதுதான் என் பதிலின் குறை எனக்கு உறைத்தது. அவர் கேட்டது, கொள்ளுத்தாத்தா படித்தாரா என்பதை. நான் சொன்னதோ தேர்வு முடிவை. 1880இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர் அந்தக் கல்லூரியில்தான் கற்பித்தார். அவரும் பல்கலைக்கழகத் தேர்வு எழுதிப் பட்டம் பெற்றவர் அல்லர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியார் ஐயரிடம் சீவக சிந்தாமணி என்ற பழங்காப்பியத்தைப் பற்றிக் கேட்டதும் அதே 1880இல்தான். ஐயரின் பதிப்பாக அந்நூல் அச்சாகி 1887இல் வெளிவந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஏடுகளை ஒப்பிட்டுக்கொண்டே வகுப்பெடுத்த அந்த ஆசிரியரின் முன்னால் அமர்ந்த பிள்ளைகளில் அந்த முதியவரின் கொள்ளுத்தாத்தாவும் ஒருவராக இருந்திருக்கக்கூடும். தமிழை எடுத்துப் படித்திருந்தால் அந்த வாய்ப்பு மிகுதி.

நூலக வருகைப் பதிவேட்டில் முதியவரின் முகவரி இருந்தது. மெட்ரிகுலேஷன் பக்கத்தின் பிரதியோடு, இவற்றையெல்லாம் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி மறுநாளே அஞ்சலில் சேர்த்தேன்.