குதிகால் வாதம்: எருக்கிலை முதல் மாடிப்படி வரை

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள்போல நீண்டிருக்கிறது என்று சொன்னதும், அதைச் செதுக்கி எடுத்தால்தான் வலி போகும் என்று பயந்துவிடுகிறோம். வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் அந்த முள் இருக்கும். பெரும்பாலும் நோவது, குதிகாலில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் தடித்த சவ்வு, எலும்பில் ஒட்டும் இடத்தில். காலையில் முதல் பத்து அடி சுரீர் என்று இருக்கும், நடக்க நடக்கத் தணியும், சாயங்காலம் நின்ற களைப்பில் மறுபடி வரும். அப்படியென்றால் அநேகமாக இந்தச் சவ்வு வலிதான், குதிகால் வாதம் என்கிறோமே அது.

வைத்தியத்தில் இறங்கும் முன் ஒரு சோதனை. குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்திப் பாருங்கள். அடியில் நோகாமல் பக்கவாட்டில் கடுமையாக நொந்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். கணுக்காலின் உட்புறம் எரிச்சல், மதமதப்பு இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் நொந்து, காலையில் இடுப்பும் அரைமணிக்கு மேல் பிடித்திருந்தால் வாத நோய் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

எனக்குக் குணமாக எட்டு மாதம் ஆனது. பலருக்கும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். அதனால் முதல் வேலை, தினசரி காலண்டர் தாளில் காலை முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறிப்பது. நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வாரத்துக்கு வாரம் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

கட்டிலை விட்டு இறங்கும் முன்னாலேயே பாதத்தை இழுத்துவிட வேண்டும். நோகிற காலை மற்ற தொடைமேல் போட்டு, கால்விரல்களை அடியோடு பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு கம்பிபோல விறைத்திருப்பது தெரியும். தெரியாவிட்டால் விரல்களை விட்டுவிட்டுப் பாதத்தின் முன்பகுதியை இழுக்கிறீர்கள். பத்து எண்ணி விடுங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. கூடவே சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவது: பின்கால் முட்டி நேராக 30 விநாடி, மடக்கி 30 விநாடி. பின்பாதம் வெளியே திரும்பினால் பலன் பாதி.

எருக்கிலை ஒத்தடம் சுகம் தரும், சந்தேகமில்லை. உலர்ந்த செங்கல்லைச் சுடவைத்து, துணி சுற்றி, மேலே இரண்டு இலை பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பார்கள். ஈரச் செங்கல் அடுப்பில் வெடிக்கும். சூட்டை முதலில் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பாருங்கள். பறித்த இலையைக் காம்பு கீழாகச் சற்றுநேரம் தொங்கவிட்டுப் பால் வடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும், முதலில் வலிகூடத் தெரியாமல் பார்வை மங்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு எந்தச் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். நாள் முழுக்க நின்ற மாலைகளில் எனக்குக் குளிர்ச்சிதான் ஒத்துவந்தது: அரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் (நிரப்பினால் உறைந்து பிளந்துவிடும்), உறையவைத்து, துண்டு சுற்றி, உள்ளங்காலடியில் பத்து நிமிடம் உருட்டல். தைலம் தேய்ப்பவர்கள் கெண்டைக்காலில் தேய்க்கலாம். நோகும் புள்ளியைக் கட்டைவிரலால் குத்திக் குடைந்தால் மறுநாள் கூடும். எண்ணெய்ப் பாதத்தோடு டைல்ஸில் நடந்து விழுந்தால் அது வேறு கதை.

இவை எல்லாம் தணிக்கும். சவ்வைத் தாங்க வைப்பது பளு. மாடிப்படி விளிம்பில், சுருட்டிய துண்டின்மேல் கால்விரல்கள் மேல்நோக்கி மடங்கி நிற்க, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது: மூன்று விநாடி ஏற்றம், மேலே இரண்டு விநாடி, மூன்று விநாடி இறக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் 12 முறை வீதம் மூன்று சுற்று. அடுத்த இரண்டு வாரம் முதுகுப் பையில் எடை சேர்த்து 10 முறை, நான்கு சுற்று. பிறகு 8 முறை, ஐந்து சுற்று. எடைக்குத் தண்ணீர் பாட்டில்கள் வசதி. லிட்டருக்கு ஒரு கிலோ. ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கலாம். செய்யும்போது கொஞ்சம் நோகும். மறுநாள் காலை எண் கூடினால் பாட்டிலைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம். தினமும் செய்து அவசரப்பட்டவர்கள்தான் மூன்றாம் வாரம் கைவிடுகிறார்கள். பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும்.

செருப்பு விஷயத்தில் நம் வீடுகள்தான் எதிரி. வெளியே நல்ல ஷூ, உள்ளே கிரானைட் தரையில் நாளெல்லாம் வெறுங்கால். வீட்டுக்கென்றே தனியாக ஒரு எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்குங்கள், சமையலறையிலும் கழற்றக் கூடாது. வாங்கும்போது வளைத்துப் பாருங்கள்: விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிப் பக்கம் நசுங்கித் தட்டையானதும் மாற்றிவிடுங்கள்.

குப்புறப் படுப்பவர்கள் பாதத்தை மெத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள்; உள்ளே இருந்தால் இரவெல்லாம் பாதம் நீண்டபடி கெண்டைக்கால் சுருங்கிக்கிடந்து காலையில் வதைக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு கிழியவும் குதிகால் கொழுப்பு மெலியவும் வாய்ப்புண்டு, அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்வதே என் கட்சி.

எண் இரண்டு, ஒன்று என்று இறங்கியதும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பிவிடாதீர்கள். காலண்டரில் நான்கு வாரம் தொடர்ந்து பூஜ்யம் வரட்டும், அதற்குப் பிறகும் வாரம் இரண்டு நாள் அந்த மாடிப்படி உண்டு.