கோப்பு ஒருவர் கையில்: புத்தக வேலையில் எழுத்தாளரும் வடிவமைப்பாளரும்

எழுதுவது நான், பெரம்பூரில். பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் (அச்சுப்பிழை பார்ப்பது) தண்டையார்பேட்டைத் தோழர். வடசென்னை வரலாற்று நூல்களை இருவரும் சேர்ந்து கொண்டுவருகிறோம். வேலை சண்டையில்லாமல் நடக்க ஒரே ஏற்பாடு: கோப்பு எப்போதும் ஒருவர் கையில்தான். அவரிடம் போனபின் என் வேர்ட் கோப்பில் ஒரு புள்ளியும் மாறாது. திருத்தமெல்லாம் அச்செடுத்த தாளில், சிவப்பு மையில்.

கொடுக்கும் முன்பே பெயர்ப் பட்டியல் முடிவாகிவிட வேண்டும். ராயபுரமா, இராயபுரமா? பக்கிங்காமா, பக்கிங்ஹாமா? 1921 ஆலை வேலைநிறுத்தம் பற்றிய பகுதியில் ஆலையின் பெயர் இரண்டு விதமாக வந்தால் நூலின் கடைசியில் வரும் பெயரடைவே பாழ்.

அதிகம் படுத்துவது பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பக்கங்கள்தான். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் சிக்காது. தோழர் ‘கெள’, ‘மெள’ என்று தேடி ஒவ்வொன்றாக மாற்றுவார். மொத்தமாக மாற்றக் கூடாது. காசிமேட்டுப் பகுதியில் வரும் கெளுத்தி மீனும் அதில் மாட்டிச் சிதைந்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறிப்போகும். அதையும் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். 4 அங்குல அகலத்தில் அச்சாக 1200 பிக்சல் தேவை.

உரசல் வருவது பக்கக் கணக்கில். 16 பக்கம் ஒரு ஃபாரம். 196 பக்கம் வந்தால் 12 ஃபாரம் போக 4 பக்கம் தொங்கும். எழுத்தைச் சிறிதாக்கச் சொல்வது எழுத்தாளருக்குச் சுலபம், ஆனால் வயதான வாசகர் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிவரும். தோழர் அதற்கு ஒப்ப மாட்டார், அவர் சொல்வதே சரி. கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்கும் பத்திகளை அவர் குறித்துத் தருவார். நான் அந்தப் பத்திகளில் ஓரிரு சொல்லைக் குறைப்பேன். பெரும்பாலும் அந்த 4 பக்கம் இப்படியே அடங்கிவிடும்.

அட்டையின் முதுகு அகலம் கடைசியில்தான். பக்கமும் தாளும் முடிவானபின், அதே தாளில் அச்சகத்தாரிடம் வெற்று மாதிரி ஒன்று கட்டச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளக்கிறோம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) தாளுக்குப் போட்ட அட்டை 80 ஜிஎஸ்எம்முக்குப் பொருந்தாது, முதுகிலுள்ள தலைப்பு ஓரத்துக்கு நகர்ந்துவிடும்.

புத்தகம் வந்ததும், 1954 நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி போக வேண்டும், 30 நாளுக்குள். அந்தப் பொட்டலங்களைக் கட்டுவது என் பங்கு.